கண்ணையன் ஊற்றிய ஆயில்

அத்தியாயம் 6

இன்ஜின் ஆயிலை அளக்கும் டிப்ஸ்டிக் கம்பியை உருவி மூக்கருகே கொண்டுபோனான் அறிவுச்செல்வன். பெட்ரோல் வாசனை. இன்னொரு தடவை முகர்ந்து பார்த்தான். பங்க்கில் வரிசையில் நிற்கும்போது மூக்கைத் துளைக்குமே, அதே வாசனை.

"சொல்லு அறிவு," என்றாள் தனபாக்கியம்.

"எனக்கு சளி புடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும் மேடம்."

"புடிக்கலையே. சொல்லு."

"பெட்ரோல்தான். ஆயிலுக்குள்ள பெட்ரோல்."

தனபாக்கியம் டிப்ஸ்டிக்கை வாங்கித் தானும் முகர்ந்தாள். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய கார்களையும் கவிழ்ந்த வேன்களையும் பார்த்துப் பார்த்து மதிப்புப் போட்டவள். கம்பெனி கேட்டபடி எழுத மாட்டேன் என்று ஒருநாள் வேலையை உதறிவிட்டு, வடலூரில் ஒரு ஸ்வீட் ஸ்டாலுக்கு மேல் மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். முன்பு கால் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்த அறிவு அங்கே அவளுக்கு உதவியாளன். வாயை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் இருக்கச் சொன்னால் அவனுக்குக் காய்ச்சல் வந்துவிடும். இன்றைக்கு மட்டும் காலையிலிருந்து பேச்சு சரியாக வரவில்லை.

காரணம் இருந்தது. பட்டறையில் அவர்கள் முன்னால் மூக்கு நசுங்கி நின்ற கார், அனல்மின் நிலையத்தில் பர்மனென்ட் வேலையில் இருக்கும் விஜயராஜுடையது. போன வாரம் முத்தாண்டிக்குப்பத்துக்கு அருகே ஒரு டிப்பரை முந்தப் போனபோது இன்ஜினில் 'டமார்' என்று ஒரு சத்தம். வண்டி அப்படியே செத்துவிட்டது. எதிரே வந்த லாரி இடித்து விஜயராஜின் கால் நொறுங்கியது. பக்கத்தில் இருந்த மனைவி நந்தினிக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. அவன் திரும்ப நடப்பானா என்று டாக்டர்கள் இன்னும் வாய் திறக்கவில்லை.

நந்தினியின் அப்பா பன்னீர்செல்வம், நசுங்கிய வண்டியின் ஆயிலில் பெட்ரோல் நாற்றம் அடிப்பதைக் கண்டு போலீசில் புகார் கொடுத்தார். வண்டிக்கு ஆயில் மாற்றிய மெக்கானிக் கண்ணையன் வேண்டுமென்றே ஆயிலில் பெட்ரோலைக் கலந்து இன்ஜினைக் கெடுத்துவிட்டான் என்று. காலையில் கண்ணையனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். சாயங்காலம் மாஜிஸ்திரேட் வீட்டுக்குக் கொண்டுபோய் ரிமாண்ட் வாங்கி ஜெயிலில் தள்ளப் போகிறார்கள். அதற்கு முன்னால் விவரம் தெரிந்த ஒருவர் "ஆமாம், கலந்திருக்கிறது" என்று எழுதிக் கொடுத்தால் கேஸ் இறுகிவிடும். அந்தக் கையெழுத்துக்காகத்தான் பன்னீர்செல்வம் தனபாக்கியத்தைத் தேடி வந்திருந்தார்.

பன்னீர்செல்வத்துக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. கம்மாபுரத்தை ஒட்டிய காலனியில் கண்ணையன் வீடும் அறிவின் வீடும் ஒரே தெருவில் எதிரும் புதிருமாக இருந்தன.

"இந்த வண்டி ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓடும்?" தனபாக்கியம் கேட்டாள்.

"குவார்ட்டர்ஸ்லேருந்து பிளான்ட் கேட்டு, கேட்லேருந்து குவார்ட்டர்ஸ். ரேடியோல ஒரு பாட்டு முழுசா கேக்க முடியாது மேடம். சரணம் வர்றதுக்குள்ள எறங்கிடணும்."

"வெளியூரு?"

"மாமனாரு வூடு மந்தாரக்குப்பம். அதுவும் வெளியூருன்னா வெளியூரு."

அவள் முகத்தில் காலையிலிருந்து முதல்முறையாக ஒரு தெளிவு வந்தது. "இது டைரக்ட் இன்ஜெக்ஷன் இன்ஜின் அறிவு. பெட்ரோலை நேரா சிலிண்டருக்குள்ளயே பீச்சும். இன்ஜின் சூடேறாம இருக்கும்போது அதுல கொஞ்சம் எரியாம சுவத்துல ஒட்டிக்கும். பிஸ்டன் ரிங் சந்து வழியா வழிஞ்சு கீழே ஆயில் சேம்பருக்கு வந்துடும். நெடுந்தூரம் ஓட்டினா ஆயில் நல்லா சூடாகி, அந்தப் பெட்ரோல் ஆவியாப் போயிடும். ஒரு பாட்டு தூரம் ஓட்டிட்டு நிறுத்தினா எங்க போகும்? அங்கேயே தங்கும். தெனம் கொஞ்சம், தெனம் கொஞ்சம். ஆயில் மட்டமும் ஏறும், வாசனையும் ஏறும். இப்படி ஓட்டுற வண்டிக்குச் சீக்கிரம் சீக்கிரம் ஆயில் மாத்தணும்."

"அப்ப யாரும் பெட்ரோல் ஊத்தல?"

"யாரும் ஊத்த வேண்டியதில்ல. வண்டியே ஊத்திக்கும்."

அறிவு ஒரு குதி குதித்தான். "போன் போடுங்க மேடம். அந்த இன்ஸ்பெக்டருக்கு இப்பவே..."

"குதிக்காதே. பெட்ரோல் வந்த வழிதான் தெரிஞ்சுது. இது ஏன் உடைஞ்சுது?"

பட்டறைக்காரர் செந்தில்நாதன் பிரித்து வைத்திருந்த பிஸ்டனை அவள் கையில் எடுத்தாள். அதன் விளிம்பில் ஒரு பக்கம், கடித்துவிட்டு வைத்த முறுக்கு மாதிரி உடைந்திருந்தது. ஆயிலில் கொஞ்சம் பெட்ரோல் சேர்ந்ததற்கெல்லாம் பிஸ்டன் இப்படிப் போகாது என்று செந்தில்நாதனும் தலையாட்டினார்.

தனபாக்கியம் பையிலிருந்து ஒரு புது ஆயில் டப்பாவை எடுத்தாள். காரின் ஆயில் மூடியிலேயே அச்சடித்திருக்கும் நம்பர்தான் அந்த டப்பாவின் மேலும் இருந்தது. சாய்ந்திருந்த முன் கண்ணாடியின் உச்சியில் புது ஆயிலில் ஒரு சொட்டு வைத்தாள். பக்கத்தில், இன்ஜினிலிருந்து எடுத்த ஆயிலில் ஒரு சொட்டு.

"ஓட்டப் பந்தயமா மேடம்? நான் கறுப்பு மேல கட்டறேன்," என்றான் அறிவு.

"தோத்துடுவ."

புதுச் சொட்டு சறுசறுவென்று வழிந்து வைப்பர் வரைக்கும் இறங்கிவிட்டது. கறுப்புச் சொட்டு பாதிக் கண்ணாடியில் யோசித்துக்கொண்டு நின்றது.

"பாத்தியா? பெட்ரோல் கலந்த ஆயில் புது ஆயிலைவிட வேகமா ஓடணும். இது பின்னால வருது. அப்படின்னா என்ன அர்த்தம்?"

அறிவுக்குப் புரிந்தது. புரிந்ததும் குதித்த குதி எல்லாம் இறங்கிவிட்டது. "இதுல இருக்கறது மூடில போட்ட ஆயிலே இல்ல. வேற ஏதோ கெட்டி ஆயிலு."

"அப்ப கண்ணையன் தப்பான ஆயில ஊத்திட்டானோ?" என்றார் செந்தில்நாதன், பாவம், நல்ல மனசோடுதான்.

போலீஸ் சொன்னது பொய் என்று ஆகிவிட்டது. ஆனால் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது அதைவிட மோசமாக இருந்தது. ஆயில் மாற்றியவன் கண்ணையன். தப்பான ஆயில் என்றால் எல்லோருடைய விரலும் அவனைத்தான் காட்டும். தன் வாயால் அண்ணே என்று கூப்பிடுகிறவனைத் தானே மாட்டிவிடப் போகிறோமோ என்று அறிவு பயந்தான்.

*

காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் உற்சாகமாக இருந்தார். "வாங்க மேடம். ரிப்போர்ட் ரெடியா?"

"அஞ்சு நிமிஷம் அந்த ஆளோட பேசணும் சார்."

"தாராளமா. என் எதிர்லயே பேசுங்க."

கண்ணையன் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தான். அவனுடைய இடது கன்னம் வீங்கிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. அறிவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வெட்கப்பட வேண்டியவன் அவனில்லை என்று கத்த வேண்டும் போலிருந்தது அறிவுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"விஜயராஜ் வண்டிக்கு என்ன ஆயில் ஊத்தினீங்க கண்ணையன்?" தனபாக்கியம் அவன் உயரத்துக்குக் குனிந்து கேட்டாள்.

"மூடில என்ன நம்பரு போட்டிருந்துச்சோ அதத்தாங்க. புது மாடலு வண்டி. எனக்கே புதுசு. நமக்கு எதுக்கு வம்புன்னு மூடியப் பாத்து அப்படியே வாங்கி ஊத்துனேன்."

"கெட்டியா வேற எதுவும்?"

"இல்லீங்க."

"அப்புறம் பெட்ரோல் எப்படிடா உள்ள போச்சு?" இன்ஸ்பெக்டர் மேசையைத் தட்டினார்.

"தெரியலீங்க."

"கேட்டீங்களா மேடம்? காலையிலேருந்து இதே பாட்டு. தெரியலையாம். மெக்கானிக்காம், தெரியலையாம்." இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "மோட்டிவ் இருக்கு மேடம். பெரியவரு பன்னீர்செல்வம் ஒருநாள் டிப்ஸ்டிக்கப் பாத்துட்டு, ஆயிலு தண்ணியா இருக்கேன்னு இவன் ஷெட்டுல போயி கேட்டிருக்காரு. இவன் நாலு பேரு எதிர்ல எடுத்தெறிஞ்சு பேசியிருக்கான். 'இது உங்க டோசர் இல்லீங்க'ன்னு. மைன்ஸ்ல ஃபோர்மேனா இருந்து ரிட்டயரானவரு. அவரப் பாத்து! அந்தத் திமிருதான் இவ்வளவுக்கும் காரணம்."

தனபாக்கியம் நிமிர்ந்தாள். கண்ணையனைப் பார்த்தாள், இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். வேறு எதுவும் கேட்காமல் "நன்றி சார், சாயங்காலம் வரேன்" என்று வெளியே நடந்தாள். அறிவு பின்னாலேயே ஓடினான்.

"என்ன மேடம், அஞ்சு நிமிஷம் கேட்டீங்க, ரெண்டு நிமிஷத்துல வந்துட்டீங்க?"

"ஒரு கார் மெக்கானிக், கார் ஆயிலைப் பத்திப் பேசிகிட்டிருக்கும்போது மண் தள்ளுற டோசரை ஏன் சொல்லணும் அறிவு?"

"கோவத்துல..."

"கோவத்துல லாரின்னு சொல்லலாம், டிராக்டர்னு சொல்லலாம். டோசர்னு சொல்லியிருக்கான். அப்படின்னா அந்தப் பேச்சுல டோசரை முதல்ல இழுத்தது யாரு?"

அறிவு காரின் கதவைத் திறந்தவன் அப்படியே நின்றான். சுரங்கத்தில் டோசர்களோடு காலம் தள்ளியவர் ஒரே ஒருவர்தான் அந்தச் சண்டையில் இருந்தார்.

"மேடம், அவருதான் நம்ம பார்ட்டி. அவருதான் உங்களக் கூப்பிட்டவரு."

"தெரியும். உன் பைக் புகை விடுதுல்ல?"

"எங்கிட்ட பைக்கே இல்லீங்களே."

"இப்ப இருக்கு. பயங்கரமா புகை விடுது. வண்டியில ஏறு."

*

பன்னீர்செல்வத்தின் வீடு மந்தாரக்குப்பத்தில், ரிட்டயராகி வந்த பணத்தில் கட்டிய சொந்த வீடு. இரும்பு கேட் சத்தமே இல்லாமல் வெண்ணெய் மாதிரித் திறந்தது. கூடத்தில் நந்தினி தோளில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்து அலைந்து அவள் முகம் கறுத்துப் போயிருந்தது.

"வாங்கம்மா. பாத்தாச்சா? கலந்திருக்குதா இல்லியா?" பன்னீர்செல்வம் பரபரத்தார். பெரிய உருவம், ஆனால் போன வாரத்திலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்பது சட்டை தொளதொளத்ததில் தெரிந்தது. மாப்பிள்ளை மேல் அவருக்கு உயிர்.

"பெட்ரோல் இருக்கு சார்," என்றாள் தனபாக்கியம்.

"நான் சொல்லல?" அவர் மகளைப் பார்த்தார். பிறகு அறிவைப் பார்த்தார். "தம்பி யாரு?"

"என் அசிஸ்டென்ட்."

"எந்த ஊரு தம்பி?"

"கம்மாபுரங்க."

"கம்மாபுரத்துல எங்க?"

அறிவுக்கு இந்தக் கேள்வி பழக்கம். ஊர் பேரைச் சொன்னால் தெருவைக் கேட்பார்கள், தெருவைச் சொன்னால் அப்பா பேரைக் கேட்பார்கள், அதற்கப்புறம் கேட்க ஒன்றும் இருக்காது. "பஸ்சுல தூங்கிட்டா கடைசியா எழுப்பி வுடுவாங்களே, அங்கதாங்க," என்றான்.

அவர் சிரிப்பதா வேண்டாமா என்று முழித்தார். அந்த இடைவெளியில் அறிவு கேட்டைப் பார்த்துத் திரும்பினான். "சார், உங்க கேட்டு என்னா சார் இப்பிடி தொறக்குது? எங்க வூட்டுக் கதவு தொறந்தா தெருவே எந்திரிச்சுடும்."

"நல்ல ஆயிலு வுடணும் தம்பி. இப்ப கடையில விக்கிறதெல்லாம் வெறும் தண்ணி."

"அதாங்க என் பைக்கும் புகையா வுட்டுகினு கெடக்குது. போன வாரந்தான் ஆயில் மாத்துனேன். கையில தொட்டா ஓடுது சார், ஒட்டவே மாட்டேங்குது. எவன நம்புறதுன்னே தெரியல."

பன்னீர்செல்வத்தின் முகம் மலர்ந்தது. பல நாள் கழித்து அவருக்குத் தெரிந்த விஷயத்தை ஒருவன் கேட்கிறான். "இரு தம்பி" என்று உள்ளே போனவர், இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே தேன் நிறத்தில் கெட்டியான ஆயில்.

"இது டோசருக்கு ஊத்துற ஆயிலு. வடலூரு கடையில பக்கெட்டா கெடைக்கும். நாங்க ரிட்டயர்டு ஆளுங்க அஞ்சாறு பேரு கூட்டு சேந்து ஒரு பக்கெட் வாங்கி பங்கு போட்டுக்குவோம். பைக்கு, தண்ணி மோட்டாரு, கேட்டுக் கீலு, எல்லாத்துக்கும் இதுதான். புழுதியில, கரியில, மூணு ஷிப்டும் நிக்காம ஓடுன டோசரு தம்பி. இந்த ஆயிலுதான் அதக் காப்பாத்துச்சு. என் கைல இருந்த வரைக்கும் ஒரு மெஷினுக்கும் ரிப்பேருன்னு இன்ஜினத் தூக்கி வெளிய எடுத்ததில்ல. அத காப்பாத்துனது இந்த பொம்ம காரக் காப்பாத்தாதா?"

அறிவு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டான். அந்த ஆள் இயந்திரங்களைப் பற்றிப் பேசிய விதம் அவனுக்குப் பிடித்திருந்தது. அதுதான் சங்கடமாக இருந்தது. ஆனாலும் கேட்டான். "காருக்கும் ஊத்துனீங்களா சார்?"

"பின்ன? அந்தப் பய தண்ணிய ஊத்தி ஏமாத்தியிருந்தான். இத ஊத்துடான்னு நான் ஷெட்டுக்கே போயி சொன்னேன். முடியாதுன்னுட்டான், மூடில போட்டிருக்கு, டோசரு இல்லன்னு சட்டம் பேசினான். சரி போடான்னு வந்து, நானே கீழ நட்டக் கழட்டி முக்காவாசி எடுத்து கீழ வுட்டுட்டு, நம்ம ஆயில ரொப்புனேன். நான் மட்டும் அத செய்யலன்னா வண்டி அன்னிக்கே போயிருக்கும்."

தனபாக்கியம் மெதுவாகக் கேட்டாள். "இதை போலீஸ்ல சொன்னீங்களா சார்?"

"இதுல சொல்ல என்னம்மா இருக்கு? நல்லதுதான செஞ்சேன்."

"எப்ப ஊத்தினீங்க?"

"ஆடிப்பெருக்கு அன்னிக்கு. இவளும் மாப்ளயும் வந்திருந்தாங்க. வண்டி வாசல்ல நின்னுச்சு."

"அப்பா." நந்தினி எழுந்து நின்றாள். "ஆடிப்பெருக்குக்கு அப்புறந்தாம்பா அவரு சொல்லிகினே இருந்தாரு. டாப் கியர்ல பாலம் ஏறும்போது உள்ள யாரோ சுத்தியால அடிக்கிற மாதிரி டொக்குனு சத்தம் வருதுன்னு. நீங்க கூட, புது வண்டில அப்பிடித்தான் இருக்கும் மாப்ளன்னு சொன்னீங்க."

பன்னீர்செல்வம் மகளையும் தனபாக்கியத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அதுக்கும் இதுக்கும் என்ன?"

தனபாக்கியம் குரலை உயர்த்தவில்லை. "இந்த ஆயில் கனமான டீசல் இன்ஜினுக்குன்னு செஞ்சது சார். கசடு கழுவுற மருந்து இதுல நிறைய போட்டிருப்பாங்க. டோசருக்கு அது நல்லது. உங்க மாப்பிள்ளை காரு டர்போ வெச்ச பெட்ரோல் வண்டி, அதுவும் நேரடியா பீச்சற இன்ஜின். அதுல மெதுவா போய்கிட்டிருக்கும்போது பெரிய கியர்லயே ஆக்சிலேட்டரை அழுத்தினா உள்ள அழுத்தம் தாறுமாறா ஏறும். மேல ஏறி வந்த ஆயில் துளி, ஸ்பார்க் வர்றதுக்கு முன்னாடியே பத்திக்கும். பிஸ்டன் மேல வந்துகிட்டிருக்கும்போதே மண்டையில அடி. அந்த டொக்கு சத்தம் அதுதான், கடைசியில பிஸ்டனை உடைச்சதும் அதுதான். இந்த மருந்து ஜாஸ்தியா இருக்கிற ஆயில்ல அது அடிக்கடி நடக்கும். அதைத் தடுக்கறதுக்குன்னே இந்த மாதிரி இன்ஜினுக்குத் தனியா ஆயில் செய்யறாங்க. அது தண்ணி மாதிரிதான் இருக்கும். மூடில போட்டிருந்தது அதைத்தான்."

"பெட்ரோலு? அந்தப் பெட்ரோலு நாத்தம்?"

"கொஞ்ச தூரமே ஓடுற வண்டியில அதுவா சேரும் சார். நீங்க முதல்ல தண்ணியா இருக்குன்னு பாத்தீங்களே, அதுவும் அதனாலதான். யாரும் உங்களை ஏமாத்தல."

அவர் பாட்டிலைக் கீழே வைக்கப் பார்த்தார். அது சாய்ந்தது. அறிவு பிடித்து நிமிர்த்தி வைத்தான். இவ்வளவு பெரிய மனிதர் நாற்காலிக்குள் இப்படிச் சுருங்குவார் என்று அவன் நினைக்கவில்லை. கேஸ் முடிந்தது, ஜெயித்தாகிவிட்டது, ஆனால் ஒரு கிண்டல் கூட வாயில் வரவில்லை.

"என் கையாலயா?" என்றார் அவர். "மாப்ள காலு... என் கையாலயா போச்சு?"

நந்தினி அழவில்லை. அப்பாவின் அருகில் போகவும் இல்லை.

பன்னீர்செல்வம் போனை எடுத்தார். "கேஸ வாபஸ் வாங்கிக்கறேன்னு சொல்லிடறேன்மா. அவனும் புள்ளகுட்டிக்காரன். போகட்டும்."

அதுவரை ஓரமாக நின்ற அறிவு முன்னால் வந்தான். "வாபஸ் வேணாங்க."

"என்னது?"

"வாபஸ் வாங்குனா, அவரு செஞ்சாரு, நீங்க பெரிய மனசு பண்ணி வுட்டுட்டீங்கன்னு ஊரு பேசும். நாளைக்கு அவரு ஷெட்டுக்கு எவன் வண்டி வுடுவான்? அவரு செய்யலன்னு சொல்லுங்க. யாரு செஞ்சதுன்னும் சொல்லுங்க."

"நீ யாரு தம்பி அத கேக்க?"

"அவரு எதிர்வூடுங்க நான். இப்பத் தெரிஞ்சுதா, கம்மாபுரத்துல எங்கன்னு?"

பன்னீர்செல்வத்தின் முகம் சிவந்தது. தனபாக்கியம் தடுக்கவில்லை. நந்தினிதான் பேசினாள். "சொல்லுங்கப்பா. ஸ்பீக்கர்ல போட்டு சொல்லுங்க. நானும் கேக்கறேன்."

ஸ்பீக்கரில் மணி அடித்தது. இன்ஸ்பெக்டர் எடுத்தார். பன்னீர்செல்வம் திக்கித் திணறித்தான் சொன்னார், ஆனால் முழுதாகச் சொன்னார். ஷெட்டில் கேட்டது, கண்ணையன் மறுத்தது, ஆடிப்பெருக்கன்று தானே நட்டைக் கழற்றியது, பாட்டில் ஆயில், எல்லாம். "அவன் செய்யல சார். நான்தான் ஊத்துனேன். என்னாலதான் வண்டி போச்சு."

மறுமுனையில் வாய்விட்டுச் சிரிக்கிற சத்தம்.

"என்னண்ணே நீங்க! நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். மாப்ள வண்டிக்கு மாமனாரு ஆயில் ஊத்துறது எந்த செக்ஷன்ல வருதுண்ணே? பாசத்துல பண்ணது. மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க. அந்தப் பயல சாயங்காலம் அனுப்பிச்சுடறேன். உங்க பேரு எதுலயும் வராது, நான் பாத்துக்கறேன்."

போன் அடங்கியது. அறிவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஒன்றும் செய்யாத மனிதனைக் காலையிலிருந்து தரையில் உட்கார வைத்து மூஞ்சியைப் பெயர்த்திருக்கிறார்கள். செய்தவர் தன் வாயால் சொல்கிறார், அது ஒரு தமாஷாகிவிட்டது. இரண்டுக்கும் ஒரே ஆயில், ஒரே இன்ஜின், ஒரே இன்ஸ்பெக்டர்.

ஆனால் அதைவிட அவனைச் சுட்டது பன்னீர்செல்வத்தின் முகம். அவர் அடக்கப் பார்த்தும் அதில் ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்துவிட்டது. நந்தினியும் அதைப் பார்த்துவிட்டாள்.

"பேரு வராதாம்பா. போதுமா?" என்றாள். "கெளம்புங்க. நீங்களே போயி கண்ணையன அழைச்சுகினு வாங்க."

"நாளைக்கு காலையில..."

"இப்ப. நீங்க போகலன்னா நான் இப்பிடியே ஆஸ்பத்திரிக்குப் போயி உங்க மாப்ளகிட்ட எல்லாத்தையும் சொல்லிடுவேன். சொல்லத்தான் போறேன். நீங்க போயிட்டு வந்துட்டீங்கன்னும் சேத்து சொல்லணும், அதுக்குத்தான் கேக்கறேன்."

*

தனபாக்கியம் காரைக் காவல் நிலையத்துக்கு எதிரே புளியமரத்தடியில் நிறுத்தினாள். பின் சீட்டில் பன்னீர்செல்வம் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். இறங்குங்கள் என்று அவளும் சொல்லவில்லை. அறிவு மட்டும் போனான்.

கண்ணையன் படியிறங்கி வந்தான். ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்தான். சட்டையில் மேல் பொத்தான்கள் இல்லை. எதிரே நின்ற காரில் இருப்பது யார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. பார்த்தும் பார்க்காதவன்போல் அறிவிடம் வந்து நின்றான்.

"போலாம்ணே," என்றான் அறிவு. "அண்ணி காத்துகினு இருக்கும்."

"இருடா. ஒண்ணு கேக்கணும்." கண்ணையன் நகரவில்லை. "அந்தப் பெட்ரோலு எப்பிடிடா உள்ள போச்சு?"

"அத வுடுண்ணே இப்ப."

"வுடமாட்டேன். காலையிலேருந்து அதத்தான் கேட்டானுவ. தெரியலன்னு சொன்னேன். ஒவ்வொரு தடவ தெரியலன்னு சொன்னப்பவும் ஒரு அடி. நெஜமாவே தெரியலடா. நாந்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேனோன்னு எனக்கே ஆயிப் போச்சு. எப்பிடி போச்சுன்னு சொல்லு."

அறிவு வாயைத் திறந்தான். எதையும் சிரிப்பாக மாற்றத் தெரிந்த வாய் அது. இப்போது நேராகச் சொல்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. "அந்த மாதிரி இன்ஜின்ல, கிட்டக்கிட்ட ஓட்டிகினு இருந்தா இன்ஜின் சூடே ஏறாதாம்ணே. எரியாத பெட்ரோலு கொஞ்சம் கொஞ்சமா வழிஞ்சு ஆயில்ல சேந்துடுமாம். யாரும் ஊத்த வேணாம். தூரமா ஓட்டினா அதுவே போயிடுமாம்."

கண்ணையன் அதைக் கேட்டுவிட்டு, வீங்காத கண்ணால் அவனையே பார்த்தபடி நின்றான்.

"அவ்ளோதானா?" என்றான்.

"அவ்ளோதாண்ணே."

"அவ்ளோதானாடா?" திரும்பக் கேட்டபோது அவன் குரல் உடைந்தது. தெருவென்றும் பாராமல், கன்னத்து வீக்கத்தையும் பாராமல், முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதான். அறிவு அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அவர்களுக்குப் பின்னால் காரின் பின் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. யாரோ இறங்கி இரண்டடி வந்து, அதற்குமேல் வரத் தெரியாமல் நின்றார்கள். கண்ணையனும் திரும்பவில்லை, அறிவும் திரும்பவில்லை.